மரணக் கதிர் கேட்டார்கள்... ரேடார் கிடைத்தது! - பாஸின் நிழலிலேயே நின்றுவிட்ட இன்ஜினீயர் வில்கின்ஸ்

எட்டு பைன்ட் தண்ணீர், தரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் நிற்பது ஐந்து கிலோமீட்டர் தள்ளி. அந்தத் தண்ணீரின் சூட்டை 98 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 105 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். இதற்கு எவ்வளவு சக்தியுள்ள ரேடியோ அலையை அனுப்ப வேண்டும்?

1935-ம் ஆண்டு ஜனவரியில், இங்கிலாந்தின் ஸ்லவ் நகரில் இருந்த ரேடியோ ஆராய்ச்சி நிலையத்தில், ஆர்னால்டு வில்கின்ஸ் என்ற 27 வயது இளைஞரிடம் இந்தக் கணக்கு வந்து சேர்ந்தது. கொடுத்தவர் அவருடைய மேலதிகாரி ராபர்ட் வாட்சன்-வாட். எதற்காக என்ற விளக்கம் எதுவும் இல்லை.

கணக்கைப் பார்த்ததுமே வில்கின்ஸுக்குப் பொறி தட்டியது. எட்டு பைன்ட் என்றால் ஏறக்குறைய நாலரை லிட்டர். ஒரு மனிதனின் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு அது! 98 டிகிரி சாதாரண உடல் சூடு. 105 என்றால் என்ன ஆகும் என்று குழந்தைக்குக் காய்ச்சல் வந்து தெர்மாமீட்டர் பார்த்த எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வார்கள். வானில் பறக்கும் விமானியை ரேடியோ அலையால் சுட்டுப் பொசுக்க முடியுமா என்று யாரோ கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், `மரணக் கதிர்'.

வில்கின்ஸ் கணக்குப் போட்டார். அன்றைக்கு இருந்த எந்த டிரான்ஸ்மிட்டரைக் கொண்டும் அதன் பக்கத்தில்கூடப் போக முடியாது என்று விடை வந்தது. `முடியாது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

ஆட்டைக் கொன்றால் 1,000 பவுண்டு!

இந்த விசித்திரமான கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, அன்றைய பிரிட்டனின் பயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. லண்டன் மேல் குண்டுவீச்சு விமானங்கள் வந்தால் தடுக்க வழியே இல்லை என்பதுதான் அரசின் நிலை. எவ்வளவு தடுத்தாலும் குண்டு போடும் விமானம் உள்ளே நுழைந்தே தீரும் என்று ஸ்டான்லி பால்ட்வின் 1932-லேயே நாடாளுமன்றத்தில் பேசியிருந்தார். விமானம் வருவதை முன்கூட்டி அறிய ராணுவத்திடம் இருந்தது காது மட்டும்தான். கடற்கரையில் பிரமாண்டமான கான்கிரீட் சுவர்களைக் குழிவாகக் கட்டி, அதில் வந்து குவியும் இன்ஜின் சத்தத்தை மைக்கில் கேட்டார்கள். டென்ஜ் என்ற இடத்தில் அப்படிக் கட்டிய 200 அடி நீளச் சுவர் இன்றும் நிற்கிறது. அதிகாரிகள் சோதனையைப் பார்க்க வந்த நாளில் பக்கத்தில் போன பால் வண்டியின் கடகட சத்தம் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்று ஒரு கதை உண்டு. வண்டி இல்லாவிட்டாலும் பெரிய பயன் இல்லை. சத்தத்துக்குப் பின்னாலேயே விமானமும் வந்துவிடும். கிடைப்பது சில நிமிட அவகாசம்தான்.

இன்னொரு பக்கம், மரணக் கதிர் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். 1920-களில் ஹாரி கிரின்டெல் மேத்யூஸ் என்பவர் பத்திரிகைகளில் பெரிய பரபரப்பைக் கிளப்பினார். சலித்துப்போன விமானத்துறை ஒரு போட்டி வைத்தது. 100 கெஜ தூரத்தில் நிற்கும் ஓர் ஆட்டைக் கதிரால் கொன்று காட்டினால் 1,000 பவுண்டு பரிசு. ஆடுகள் பிழைத்தன. பரிசு யாருக்கும் போகவில்லை.

இப்படிப்பட்ட சூழலில்தான் விமானத்துறையின் ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்த விம்பெரிஸ், ரேடியோ தெரிந்த ஓர் ஆளிடம் ஒரேயடியாகக் கேட்டுவிடலாம் என்று வாட்சன்-வாட்டை அணுகினார். வாட்சன்-வாட் அந்தக் கேள்வியைத் தண்ணீர்க் கணக்காக மாற்றி, வில்கின்ஸின் மேசைக்கு அனுப்பினார்.

தபால்துறையின் புகார்

கணக்கின் விடையோடு வில்கின்ஸ் வந்து நின்றபோது, இது நடக்காது என்றால் வேறு எப்படி அவர்களுக்கு உதவலாம் என்று வாட்சன்-வாட் கேட்டார். அந்த நேரத்தில் வில்கின்ஸுக்கு நினைவுக்கு வந்தது ஒரு பழைய அறிக்கை.

சில வருடங்களுக்கு முன் பிரிட்டிஷ் தபால்துறை இன்ஜினீயர்கள் வயர்லெஸ் தொலைபேசி இணைப்புகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அருகில் விமானம் பறந்தால் சிக்னல் ஏறி இறங்கித் தொந்தரவு தருகிறது என்று 1932-ல் அவர்கள் ஓர் அறிக்கையில் குறிப்பிட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது வெறும் இடைஞ்சல். வீட்டு மாடிக்கு மேல் விமானம் போகும்போது பழைய ஆன்டெனா டி.வி-யில் படம் ஆடியதே, அதே விஷயம்தான்.

அந்த அறிக்கையை வில்கின்ஸ் படித்திருந்தார். விமானம் ரேடியோ அலையைக் கலைக்கிறது என்றால், அலை அதன்மேல் பட்டுத் திரும்புகிறது என்று அர்த்தம். திரும்பும் அலையைப் பிடித்தால், விமானம் இருப்பது தெரிந்துவிடுமே! எரிப்பதற்குத்தான் மலை அளவு சக்தி வேண்டும். பார்ப்பதற்குத் துளி போதும்.

வில்கின்ஸ் மான்செஸ்டர்காரர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திலும் கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியிலும் படித்துவிட்டு 1931-ல் ஸ்லவ் நிலையத்தில் சேர்ந்தவர். வேலை, வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலைகளை ஆராய்வது. அதாவது, எங்கோ உயரத்தில் மோதி வரும் எதிரொலியை அளப்பது அவருக்குத் தினசரிப் பழக்கம். தபால்துறை அறிக்கையை எத்தனையோ பேர் படித்திருப்பார்கள். ஆனால், அந்தப் புகாரைக் கருவியாகப் பார்க்க இந்தப் பழக்கம்தான் அவருக்கு உதவியது.

அடுத்த கணக்கை வாட்சன்-வாட் கேட்டார். வில்கின்ஸ் போட்ட விதம் அழகானது. குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுமார் 25 மீட்டர். அதைப் படுக்கவைத்த ஓர் ஆன்டெனா கம்பியாக எடுத்துக்கொண்டார். 25 மீட்டர் கம்பி, 50 மீட்டர் அலைநீளத்துக்கு நன்றாக ஒத்து ஆடும். ஆக, எதிரி விமானமே நமக்காக ஓர் ஆன்டெனாவைச் சுமந்துகொண்டு வருகிறது! திரும்பிவரும் சிக்னல் எவ்வளவு என்று பார்த்தால், பிடிக்கக்கூடிய அளவுக்கு மேலேயே இருந்தது. வாட்சன்-வாட்டுக்கே நம்பிக்கை வரவில்லை. திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள். தப்பில்லை.

பிப்ரவரி 12-ம் தேதியிட்ட அறிக்கை விமானத்துறைக்குப் போனது. கையெழுத்து வாட்சன்-வாட்டுடையது. கணக்கு வில்கின்ஸுடையது.

ஒரு வேன், ஒரு வயல், ஒரு பச்சைப் புள்ளி

விமானப்படையின் ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்த ஹியூ டவ்டிங் காகிதத்தை மட்டும் பார்த்துப் பணம் தருபவர் அல்ல. கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

புதிதாக டிரான்ஸ்மிட்டர் கட்ட நேரமில்லை. அதனால் வாட்சன்-வாட் குழு ஒரு குறுக்கு வழி பிடித்தது. டாவென்ட்ரியில் பி.பி.சி-யின் சிற்றலை ஒலிபரப்பு நிலையம் இருந்தது. அதன் அலைநீளம் 49 மீட்டர். வில்கின்ஸின் கணக்குக்குக் கிட்டத்தட்ட கச்சிதம்! உலகத்துக்கு நிகழ்ச்சி ஒலிபரப்பும் அந்த அலை எப்படியும் வானில் பரவிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் குறுக்கே ஒரு விமானத்தைப் பறக்கவிட்டால் போதும்.

1935 பிப்ரவரி 25 மாலை, வில்கின்ஸும் டிரைவர் டயரும் ஒரு வேனில் ரிசீவரை ஏற்றிக்கொண்டு வீடன் கிராமத்துக்கு அருகில் உள்ள ஒரு வயலுக்குப் போனார்கள். இரண்டு ஆன்டெனாக்களைக் கட்டினார்கள். டாவென்ட்ரியிலிருந்து நேராக வரும் பலமான சிக்னல் இரண்டிலும் விழும். ஒன்றை மற்றொன்று அழித்துக்கொள்ளும்படி வில்கின்ஸ் இணைப்பு கொடுத்தார். நேர் சிக்னல் அடங்கிவிட்டால், விமானத்தில் பட்டு வரும் மெல்லிய சிக்னல் தனியாகத் தெரியும். கல்யாண வீட்டு ஸ்பீக்கரை நிறுத்தினால்தான் பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது கேட்கும் என்பது போல.

மறுநாள் காலை வாட்சன்-வாட்டும், விமானத்துறையிலிருந்து ஏ.பி.ரோவும் வந்து சேர்ந்தார்கள். ஃபார்ன்பரோவிலிருந்து ஹெய்ஃபோர்டு என்ற பெரிய குண்டுவீச்சு விமானம் கிளம்பியது. எதற்காக அங்கும் இங்கும் பறக்கச் சொல்கிறார்கள் என்று விமானிக்குச் சொல்லவில்லை.

வேனுக்குள் இருந்த சிறிய திரையில் ஒரு பச்சைப் புள்ளி. விமானம் நெருங்கியபோது புள்ளி நீண்டு கோடானது, சுருங்கியது, மறுபடி நீண்டது. விமானம் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போன பிறகும் ஆடிக்கொண்டே இருந்தது. சுமார் 8 மைல் வரை அதைப் பின்தொடர முடிந்தது. பிரிட்டன் மறுபடியும் ஒரு தீவாகிவிட்டது என்று வாட்சன்-வாட் அப்போது சொன்னதாகச் சொல்வார்கள்.

இந்த நாளைத்தான் `ரேடார் பிறந்த நாள்' என்று எழுதுகிறார்கள். கறாராகப் பார்த்தால் அன்று தெரிந்தது, விமானம் இருக்கிறது என்பது மட்டுமே. எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில், எந்த உயரத்தில் என்பதெல்லாம் தெரியவில்லை. தவிர, எதிரொலியைப் பிடிக்கும் யோசனையும் இங்கே முதன்முதலாக முளைத்ததல்ல. ஜெர்மனியில் கிறிஸ்டியன் ஹுல்ஸ்மையர் 1904-லேயே கப்பலைக் கண்டுபிடிக்கும் ரேடியோ கருவிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சியாளர்கள் 1934 இறுதியில் விமானத்தில் பட்ட எதிரொலியைப் பிடித்திருந்தார்கள். ஆனாலும் டாவென்ட்ரி வயலுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஓர் அரசு பையைத் திறந்தது. முதல் தவணை 12,300 பவுண்டு.

கூழாங்கல் கரையில் மூன்று பேர்

1935 மே 13. கிழக்குக் கடற்கரையில் ஓர்ஃபோர்டுநெஸ் என்ற கூழாங்கல் திட்டுக்கு ஒரு சிறிய குழு வந்து இறங்கியது. படகில்தான் போக வேண்டும். சாமான்களையும் படகில்தான் ஏற்ற வேண்டும். வில்கின்ஸ், வேல்ஸைச் சேர்ந்த எட்வர்டு போவன், பெயின்பிரிட்ஜ்-பெல் ஆகிய மூவர்தான் குழுவின் முதுகெலும்பு. டிரான்ஸ்மிட்டர் போவன் பொறுப்பு. ரிசீவர் பெயின்பிரிட்ஜ்-பெல். ஆன்டெனாக்கள் வில்கின்ஸ். ஊர்க்காரர்களிடம் சொல்ல ஒரு பொய்யும் தயாராக இருந்தது: வானத்தின் மேலடுக்கை ஆராய்கிறோம்.

இங்கேதான் உண்மையான ரேடார் உருவானது. தொடர்ச்சியாக அலையை விடாமல், மிகச் சிறிய துடிப்புகளாக விட்டு விட்டு அனுப்புவது. ஒரு துடிப்பு போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தை அளந்தால் தூரம் தெரிந்துவிடும். ரேடியோ அலையின் வேகம் ஒளியின் வேகம்தான். ஆயிரத்தில் ஒரு விநாடியில் எதிரொலி வந்தால் விமானம் 150 கிலோமீட்டரில் இருக்கிறது. கிணற்றுக்குள் குரல் கொடுத்து ஆழம் பார்ப்பது போன்ற வேலை. நேரம் மட்டும் அவ்வளவு சிறியது.

ஜூன் நடுவில் டிஸார்டு தலைமையிலான கமிட்டி பார்வையிட வந்தது. அன்று இடியும் மின்னலுமாக வானிலை காலை வாரியது. திரை முழுக்கக் குப்பை சிக்னல். அவர்கள் கிளம்பிப் போன பிறகு, ஜூன் 17-ம் தேதி, 17 மைல் தொலைவில் ஒரு விமானம் தெளிவாகத் தெரிந்தது! கமிட்டி வரும் நாளில் மட்டும் மெஷின் மக்கர் செய்யும் என்பதை எந்த இன்ஜினீயரும் ஒப்புக்கொள்வார். ஜூலையில் தூரம் 40 மைலைத் தொட்டது.

50 மீட்டர் அலை நீடிக்கவில்லை. வெளிநாட்டு ஒலிபரப்புகள் வானில் பட்டு வந்து குறுக்கிட்டன. 26 மீட்டருக்கு இறங்கினார்கள். பிறகு 13 மீட்டர். இன்னும் குறைந்த அலைநீளம் இருந்தால் கருவி சிறியதாகும், துல்லியம் கூடும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால், அதற்கான வால்வுகள் கைவசம் இல்லை. வாட்சன்-வாட் அடிக்கடி சொல்லும் ஒரு கொள்கை இருந்தது: முதல் தரமானது ஒருபோதும் வராது, இரண்டாம் தரம் தாமதமாக வரும், அதனால் மூன்றாம் தரத்தை இப்போதே கொடுத்துவிடு. போர் எப்போது வரும் என்று தெரியாதபோது இதைவிட நல்ல கொள்கை இருக்க முடியாது.

1936-ல் குழு பக்கத்திலேயே பாட்சி மேனர் என்ற மாளிகைக்கு மாறியது. அந்த வருட செப்டம்பரில் விமானப்படையோடு நடந்த ஒத்திகை படுமோசமாக முடிந்து, டிஸார்டிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஆனாலும் அடுத்த ஆண்டே நிலையம் விமானப்படையின் கைக்குப் போனது. `செயின் ஹோம்' என்ற பெயரில் கிழக்குக் கரையோரம் கோபுரங்கள் வரிசையாக எழ ஆரம்பித்தன. அனுப்புவதற்கு 360 அடி உயர இரும்புக் கோபுரங்கள். வாங்குவதற்கு 240 அடி மரக் கோபுரங்கள். 1939 செப்டம்பரில் போர் வெடித்தபோது சுமார் 20 நிலையங்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தன. 100 மைல் தாண்டியும் அவற்றுக்குப் `பார்வை' இருந்தது.

இவ்வளவு பெரிய கோபுரங்களை எங்கே ஒளித்து வைப்பது? ஜெர்மானியர்கள் பார்க்காமல் இல்லை. 1939-ல் கிராஃப் செப்பலின் என்ற ராட்சத ஆகாயக் கப்பலில் கருவிகளை நிரப்பிக்கொண்டு கரையோரமாக வந்து ஒட்டுக்கேட்டார்கள். காதில் விழுந்த சிக்னல் ரேடார்தான் என்று புரிந்துகொள்ளாமலே திரும்பினார்கள். அவர்களிடமும் ரேடார் இருந்தது. தொழில்நுட்பத்தில் அது மேலும் நவீனம். குறைந்த அலைநீளத்தில் வேலை செய்தது. இத்தனை நீண்ட அலையில் யாராவது ரேடார் செய்வார்களா என்ற எண்ணமே அவர்கள் கண்ணை மறைத்திருக்கலாம்.

போனை வைக்காத பெண்

1940 கோடையில் ஜெர்மன் விமானங்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. பிரிட்டனிடம் விமானமும் குறைவு, விமானிகளும் குறைவு. எதிரி எப்போது வருவான் என்று வானிலேயே சுற்றிக்கொண்டு பெட்ரோலைத் தீர்க்க அவர்களால் முடியாது. செயின் ஹோம் அந்தச் சுமையை எடுத்துக்கொண்டது. எதிரி பிரான்ஸ் கரையில் திரளும்போதே திரையில் தெரியும். அதன் பிறகு கிளம்பினால் போதும்.

ஆனால், திரையில் தெரிவது மட்டும் போதாது. அந்தத் தகவல் போனில் பென்ட்லி பிரையரி என்ற தலைமையகத்துக்குப் போகும். அங்கே பல நிலையங்களின் தகவலை ஒப்பிட்டு வடிகட்டுவார்கள். பிறகு ஒரு பெரிய மேசை வரைபடத்தில் அடையாள வில்லைகளை நகர்த்துவார்கள். அதைப் பார்த்துப் போர் விமானங்களுக்கு உத்தரவு பறக்கும். எல்லாம் சில நிமிடங்களில். கடலைத் தாண்டி நிலத்துக்குள் விமானம் நுழைந்துவிட்டால் இந்த ரேடார்களுக்குத் தெரியாது. அங்கே பைனாகுலருடன் நிற்கும் கண்காணிப்புப் படையினர்தான் கண். ரேடார் சிஸ்டம் என்பதில் `சிஸ்டம்' என்ற சொல்லுக்கு இத்தனை பேரும் சேர்ந்தால்தான் அர்த்தம்.

திரைக்கு முன் உட்கார்ந்தவர்களில் ஏராளமானோர் பெண்கள். ஆகஸ்ட் 18-ம் தேதி சஸெக்ஸில் உள்ள போலிங் நிலையத்தின் மேல் குண்டுகள் விழுந்தன. கார்ப்பொரல் ஏவிஸ் ஹெர்ன் என்ற பெண் ஜன்னல்கள் சிதறியபோதும் போனை வைக்காமல் தகவல் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கு ராணுவப் பதக்கம் கிடைத்தது. கோபுரங்களும் அசரவில்லை. சட்டம் சட்டமாகப் பின்னிய அமைப்பு என்பதால் குண்டின் அதிர்ச்சிக் காற்று இடைவெளிகளில் புகுந்து போய்விட்டது. ஆகஸ்ட் 12-ம் தேதி தாக்கப்பட்ட நிலையங்களில் வென்ட்னரைத் தவிர மற்றவை சில மணி நேரத்தில் வேலைக்குத் திரும்பின. கோயரிங்குக்கே சலித்துப்போய், இவற்றைத் தாக்குவதில் பயன் இருக்கிறதா என்று கேட்டுவிட்டார்.

முன்னெச்சரிக்கை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பதற்கு நம் பக்கத்துக் கடலிலேயே ஒரு சாட்சி உண்டு. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. பிரிட்டிஷ் ரேடார் இலங்கைக்கு வந்திருந்தும் அன்று எச்சரிக்கை கிடைக்கவில்லை. எதிரி தலைக்கு மேல் வந்த பிறகுதான் ரத்மலானையிலிருந்து போர் விமானங்கள் அவசர அவசரமாகக் கிளம்பின. நான்கு நாள் கழித்து ஏப்ரல் 9-ல் திருகோணமலை. இந்த முறை ரேடார் முன்கூட்டியே பார்த்துவிட்டது. விமானங்கள் முன்பே வானில் ஏறிக் காத்திருந்தன. இரண்டு ஊர்களுமே அடி வாங்கின என்றாலும், தூக்கத்தில் அடி வாங்குவதும் விழித்துக்கொண்டு வாங்குவதும் ஒன்றல்ல. அந்த ஏப்ரலில்தான் மெட்ராஸையும் காலி செய்துகொண்டு ஜனங்கள் உள்ளூர்களுக்கு ஓடினார்கள். `எவாக்குவேஷன்' கதைகளைத் தாத்தா பாட்டி வாயால் கேட்ட குடும்பங்கள் சென்னையில் இன்னும் உண்டு.

யாருக்குப் பெயர்?

1942-ல் ராபர்ட் வாட்சன்-வாட் `சர்' பட்டம் பெற்றார். போருக்குப் பிறகு, கண்டுபிடிப்பாளர்களுக்கான அரச கமிஷன் ரேடாருக்கு ஒதுக்கிய தொகையில் பெரும்பங்கு, சுமார் 50,000 பவுண்டு, அவருக்குக் கிடைத்தது. `ரேடாரின் தந்தை' என்று உலகம் அழைத்தது. அவரும் மறுக்கவில்லை. 1957-ல் தன் நினைவுகளைப் பெரிய புத்தகமாகவும் எழுதினார். அதற்கு முந்தைய வருடம் கனடாவில் வேகமாகக் கார் ஓட்டிய குற்றத்துக்காக போலீஸிடம் சிக்கினார். அவரைப் பிடித்துக் கொடுத்தது, ரேடார் துப்பாக்கி! அபராதத்தைக் கட்டிவிட்டு, இதைப் பற்றிக் கேலியாக ஒரு கவிதையும் எழுதினார்.

வில்கின்ஸுக்கு ஓ.பி.இ. விருது கிடைத்தது. `தந்தை' பட்டம் எதுவும் வரவில்லை. போர் முடிந்ததும் ஸ்லவ் ரேடியோ ஆராய்ச்சி நிலையத்துக்கே திரும்பி, வானத்தில் பட்டுத் திரும்பும் அலைகளை ஆராயும் பழைய வேலையைத் தொடர்ந்தார்.

இதைப் படித்துவிட்டு, `வழக்கம்போல பாஸ் தூக்கிக்கொண்டு போய்விட்டார்' என்று முடிவுக்கு வருவது எளிது. அலுவலகத்தில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் அந்தக் கோபம் பழக்கமானது. ஆனால், இங்கே நியாயம் அவ்வளவு நேர்கோட்டில் இல்லை. `கொல்லும் கதிர் முடியாது' என்ற விடையை வைத்து விமானத்துறைக்கு வேறொன்றை விற்றது வாட்சன்-வாட்தான். சந்தேகப் பிராணிகளான அதிகாரிகளிடம் பணம் வாங்கியதும், ஆள் சேர்த்ததும், மூன்றாம் தரம் போதும் என்று அடித்துச் சொல்லி வேலையை முடுக்கியதும் அவர்தான். வில்கின்ஸ் இல்லாமல் யோசனை இல்லை. வாட்சன்-வாட் இல்லாமல் கோபுரங்கள் இல்லை. உறுத்துவது, ஒருவர் பெயர் சொல்லப்பட்டதல்ல. இன்னொருவர் பெயர் சொல்லப்படாதது.

ரகசியமும் ஒரு காரணம். போர்க்காலத்தில் செய்த வேலையை வீட்டில்கூடப் பேச முடியாது. பேசலாம் என்று ஆனபோது, பேசத் தெரிந்தவர் முந்திக்கொண்டார். ஓர்ஃபோர்டுநெஸ் நண்பர்கள் வில்கின்ஸை `ஸ்கிப்' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். அந்த வட்டத்துக்கு வெளியே அவரை யாருக்கும் தெரியாது.

பல வருடங்கள் கழித்துத்தான் வில்கின்ஸ் தன் நினைவுகளை எழுதி வைத்தார். தண்ணீர்க் கணக்கும், தபால்துறை அறிக்கையும், வயலில் நின்ற வேனும் அவர் சொல்லித்தான் விவரமாகத் தெரியவந்தன. 1977-ல் பி.பி.சி., `தி சீக்ரெட் வார்' என்ற தொலைக்காட்சித் தொடரை எடுத்தபோது, 70 வயது வில்கின்ஸ் கேமராவின் முன் அந்தக் கதையைச் சொன்னார். 1985 ஆகஸ்ட்டில் இறந்தார். அவருடைய நினைவுக் குறிப்புகள் புத்தகமாக வெளிவந்தது 2006-ல். இறந்து 21 வருடங்கள் கழித்து. 2014-ல் பி.பி.சி. இந்தக் கதையைப் படமாக்கியபோதும், நாயகன் வாட்சன்-வாட்தான்.

வீடன் பக்கத்து அந்த வயலோரம் இன்று ஒரு நினைவுக் கல் இருக்கிறது. ரேடியோ அலையைப் பட்டுத் திரும்பச் செய்து விமானத்தைக் கண்டறிய முடியும் என்று பிரிட்டனில் முதன்முதலாகக் காட்டிய இடம் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். அங்கே இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ராபர்ட் வாட்சன்-வாட். ஆர்னால்டு வில்கின்ஸ்.